முனை முறியாத ஊசி

எங்கள் ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நகராட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வேலூரில் ஆம்பூர் பஸ் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள். ஊறப் போட்ட தோலின் நாற்றம் எங்கே மூக்கைப் பிடிக்கிறதோ அங்கே இறங்கி விசாரியுங்கள். எங்கள் ஊராக இல்லாவிட்டால் அடுத்த ஊராக இருக்கும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

இரண்டாயிரத்து நான்காம் வருடம், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் முதல் மணி அடித்துவிட்டது. நகராட்சித் துப்புரவுப் பணியாளர் அமிர்தவள்ளி எங்கள் தெருச் சாக்கடைக்குள் இறங்கி, மண்வெட்டியால் சேற்றை வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தாள். ரப்பர் பூட்ஸ் கொடுத்ததாக நகராட்சிக் காகிதத்தில் இருந்தது. காலில் இல்லை. திடீரென்று “யம்மா” என்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். உள்ளங்காலில் ஒரு ஊசி, சிரிஞ்சோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வெள்ளைச் சேலையும் கையில் பைபிளுமாகச் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தாள் கேத்தரின். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஊசி போடும் அறையில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். தெருவில் ஆஸ்பத்திரி அக்கா என்றால்தான் தெரியும். அவளைக் கண்டால் குழந்தைகள் நகத்தை மறைத்துக்கொள்ளும். பெரியவர்கள் குடத்துக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். பைபிளை எங்கள் வீட்டுத் திண்டின்மேல் வைத்துவிட்டுச் சாக்கடைக் கரையில் குந்தினாள்.

“அழுத்தாதே. புழிஞ்சி ரத்தம் எடுக்காதேங்கறேன், கேக்குதா? யாரங்க, ஒரு குடம் தண்ணி கொண்டாங்க. சோப்பு.”

“இன்னாக்கா, முள்ளு குத்துன மாதிரிதான கீது. சுண்ணாம்பு வச்சா போய்டும்.”

“முள்ளு இல்லடி இது. வாய மூடிக்கினு கால நீட்டு.”

ஒரு குடம் தண்ணீர் முழுவதையும் அந்த ஒரு காலில் ஊற்றிக் கழுவினாள். பிறகு அவளைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றி வேலூருக்குக் கூட்டிப் போனாள். ஒரு மாதம் மாத்திரை, மூன்று முறை ரத்தப் பரிசோதனை. அமிர்தவள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், அவளை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேறு ஆள் இருக்கிறான்.

கேத்தரினின் தம்பி நத்தானியேல். பத்து வயது சின்னவன். அம்மா போனபின் அவனை வளர்த்ததும், தோல் பதனிடும் டேனரியில் வேலைக்குச் சேர்த்ததும், கணியம்பாடியிலிருந்து ரோஸைப் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்ததும் கேத்தரின்தான். அதற்குள் அவளுடைய கல்யாண வயது போய்விட்டது. அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

நத்தானியேலுக்கு டிரம்மில் வேலை. அறை அளவு மர உருளை, வயிற்றுக்குள் முந்நூறு தோல். ஓடி முடித்ததும் கதவைத் திறந்தால் நீல நிறத் தோல்கள் தண்ணீரோடு வந்து விழும். ஈரத்தோல் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குழந்தையின் கனம் இருக்கும். குனிந்து எடுத்து, நிமிர்ந்து, கட்டையில் போட வேண்டும். மறுபடி குனிய வேண்டும். எட்டு மணி நேரம். முப்பது வயதில் இடுப்பு போயிற்று. டேனரி வாசலில் ஒரு கம்பவுண்டர் வலி ஊசி போடுவார். போட்டால் இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். இன்னொரு ஷிப்டுகூடப் பார்க்கலாம். ஆறு மாதத்தில் வலி இல்லாத நாளிலும் ஊசி வேண்டியிருந்தது. ஒரு வருடத்தில் கம்பவுண்டரே வேண்டியிருக்கவில்லை. மருந்தை வாங்கித் தானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டான்.

ரோஸ் பொறுத்துப் பார்த்தாள். நான்கு வயது ரெனிட்டா, அப்பாவின் சட்டைப் பையிலிருந்து எடுத்த சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பிப் பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடிய அன்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணியம்பாடிக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நத்தானியேல் ரத்தம் கொடுத்துப் பார்த்தான். எச்.ஐ.வி. கிருமி இல்லை என்று வந்தது. ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார்கள். ரோஸ் சொல்லி அனுப்பினாள்: “ரெண்டாவது டெஸ்டும் இதே மாதிரி வரட்டும். பொட்டிய தூக்கிக்கினு வர்றேன்.”

அவன் அக்காவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான், இனிமேல் தொடமாட்டேன் என்று. அந்தச் சத்தியத்துக்கு மூன்று வாரம் ஆகியிருந்தபோதுதான் அமிர்தவள்ளியின் காலில் ஊசி குத்தியது.

குத்திய ஊசி யாருடையது? எங்கள் ஊரில் அப்போது ஊசி போடுகிறவர்கள் எண்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆனால் அந்தச் சாக்கடை கேத்தரின் வீட்டுக் குளியலறையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அவள் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவந்து, சேலைகூட மாற்றாமல் குளியலறைக்குள் நுழைந்து தேடினாள். அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. தம்பியை நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டாள்.

பிப்ரவரி முதல் வாரம் கிடைத்தது. தகரச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே செருகிய சோப்பு டப்பாவில், மூடி போட்ட ஒரு சிரிஞ்சு.

கேத்தரின் கத்தவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, கட்டிங் பிளேயரால் ஊசியின் முனையைத் துண்டாக முறித்து, எல்லாவற்றையும் அதில் அரை மணி நேரம் ஊறவைத்தாள். பிறகு ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டு, மறுநாள் ஐந்தரை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், எரிக்கிற பெட்டிக்குள் சேர்த்தாள். இந்த வீட்டிலிருந்து இன்னொரு ஊசி சாக்கடைக்குப் போகாது. அவளுக்குத் தெரிந்த ஒரே நியாயம் அது. அதைத் துளி பிசகாமல் செய்தாள். சோப்பு டப்பாவைக் கழுவி இருந்த இடத்திலேயே வைத்தாள். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி நகராட்சி.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை எடுத்து, சென்னையிலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனம் ஊசி மாற்றும் மையம் நடத்திக்கொண்டிருந்தது. பழைய ஊசியைப் போட்டுவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளலாம். பழையது இல்லாவிட்டாலும் புதியது கிடைக்கும். அங்கே இருந்தவர் மஹபூப் பாஷா. ஷூ கம்பெனியில் தோல் வெட்டியவர். அவரும் மூன்று வருடம் ஊசி போட்டு மீண்டவர்தான். அமிர்தவள்ளி கால் விஷயம் பரவியதும், மையத்தை இழுத்து மூட வேண்டும் என்று கவுன்சிலில் பாதிப் பேர் மேசையைத் தட்டினார்கள். காப்பாற்றியது சானிட்டரி இன்ஸ்பெக்டர் பெருமாள். நல்ல மனுஷன். தன்னிடம் வேலை பார்க்கிற ஒருத்தியின் கால் என்பதால் ஒரு வாரம் தூங்காதவர். ஆனாலும் எழுந்து நின்று சொன்னார்:

“மூடுனா ஊசி போடறது நிக்காதுங்க. ஊசி மாத்தறதுதான் நிக்கும். மூட வேணாம். ஒரு கட்டுக்குள்ள கொண்டாருவோம்.”

கட்டு ஏழு நிபந்தனையாக வந்தது. அவரே உட்கார்ந்து எழுதினார். ஏழையும் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்கவில்லை. மையம் ஊருக்கு வெளியே, ஆற்றோரம் பாழாய்க் கிடந்த பழைய ஆடு அறுக்கும் கட்டடத்துக்குப் போக வேண்டும். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் திறக்க வேண்டும். பெயரைப் பதிந்து அட்டை வாங்கியவருக்கு மட்டும், பழைய ஊசி ஒன்றுக்குப் புதிய ஊசி ஒன்று. பழையது முனை முறியாமலும் மூடியோடும் இருக்க வேண்டும். முறியாமல் என்று ஏன் எழுதினார் என்றால், சில கெட்டிக்காரர்கள் ஊசியைத் தனியாகவும் சிரிஞ்சைத் தனியாகவும் கொண்டுவந்து இரண்டு என்று கணக்குச் சொல்வார்களாம். மூடி ஏன் என்றால், அள்ளுகிறவள் கையில் குத்தக் கூடாது. எல்லாமே யோசித்து எழுதியவைதான். ஜனவரி முடிவதற்குள் தீர்மானம் கை தட்டலோடு நிறைவேறியது.

ஆக, நத்தானியேல் பழைய ஊசியைச் சோப்பு டப்பாவில் பத்திரப்படுத்தியது எறிய மனமில்லாமல் அல்ல. அதைக் காட்டினால்தான் அடுத்தது கிடைக்கும். கேத்தரினுக்கு இது தெரியாது. விடியுமுன் பஸ் ஏறி, விளக்கு வைக்கிற நேரம் வீடு திரும்புகிறவள். நகராட்சி என்றாலே அவளுக்கு இளப்பம். தீர்மானத்தை ஓட்டல் சுவரில் ஒட்டியிருந்தபோதும் நின்று படிக்கவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் டப்பாவில் இன்னொன்று இருந்தது. முறித்தாள், ஊறவைத்தாள், எடுத்துப் போனாள். மார்ச் நடுவில் மூன்றாவது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். அவன் உருண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூக்கு ஒழுகியது, கொட்டாவி கொட்டாவியாக வந்தது, கால் நடுங்கியது. மருந்து இல்லாத நாளின் அடையாளம் அது என்று ஆஸ்பத்திரிக்காரிக்குத் தெரியாமல் இருக்குமா?

“இன்னாடா சாப்புடல?”

“கெமிக்கல் வாடைக்கா. டிரம்மத் தொறந்தேன்ல, தலைக்கு ஏறிக்கிச்சு.”

“கொழம்பு காரம் ஜாஸ்தியா?”

“இல்லக்கா. நல்லாதான் கீது.”

“வெந்நி வச்சித் தரட்டா? குளிக்கிறியா?”

குளியல் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். இருவரில் யாராவது ஒருவர் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். அவன் தட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டான்.

அதற்குப் பிறகு டப்பா காலியாகவே இருந்தது. ஏப்ரல் முழுக்க, மே முழுக்க. கேத்தரின் தினமும் கையை விட்டுப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. தம்பி விட்டுவிட்டான் என்று நினைத்தாள். கேட்டுக் கேவலப்படுத்தாமல், அடித்து விரட்டாமல், அமைதியாக எடுத்தெடுத்துப் போட்டே விடவைத்துவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. அந்த இரண்டு மாதமும் எங்கள் தெருவில் அவள் எல்லோரிடமும் சிரித்துப் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு குழந்தையின் நகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஏப்ரலில் ஈஸ்டருக்கு ரோஸ் வந்தாள், குழந்தையோடு. காலையில் வந்து சாயங்காலம் போவதாக ஏற்பாடு. கேத்தரின் மாட்டுக்கறி வாங்கி, உருளைக்கிழங்கு போட்டுக் குழம்பு வைத்தாள். வெயில் அடுப்புக்குப் போட்டியாக அடித்தது. நத்தானியேல் ரெனிட்டாவை மடியில் வைத்துக்கொண்டு விசிறிக்கொண்டே இருந்தான். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. அடுப்படியில் ரோஸும் கேத்தரினும் பேசிக்கொண்டார்கள்.

“இளைச்சிட்டாரு அண்ணி.”

“வெயில்ல யார்தான் இளைக்கல? விட்டுட்டான் ரோசு. ஒரு மாசமா ஒரு ஊசி பாக்கல நானு. என் கண்ணுல மண்ணத் தூவ முடியுமா?”

“நெசமாவா?”

“சர்ச்சுக்குப் போய்ட்டு வந்த வாயால பொய் சொல்லுவனா? ரெண்டு நாளு இருந்துட்டுப் போயேன். பிள்ள ஏங்கிப்போய்க் கீது.”

ரோஸ் கறியைக் கிளறினாள். உள்ளே குழந்தை சிரித்தது.

“இருக்கணும்னுதான் கீது அண்ணி. ஆனா ஜூன்ல டெஸ்ட் எடுக்கறாங்கல்ல, அது வந்துடட்டும். கோச்சிக்காதீங்க.”

கேத்தரின் கோபித்துக்கொண்டாள். சாயங்காலம் பஸ் ஏற்றிவிடக்கூடப் போகவில்லை. ரோஸ் அன்றைக்குத் தங்கியிருந்தால் என்று பிற்பாடு நினைத்து நினைத்துப் பார்த்தாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், நடுச்சாலையில் நின்று வாந்தியெடுத்திருக்கிறாள்.

ஜூன் கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் போனபோது, ஆலோசகர் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அரை மணி நேரம் ஆயிற்று. கேத்தரின் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேருடைய அக்கா தங்கைகள் இப்படி உட்கார்ந்திருப்பதை அவள் துடைப்பத்தோடு கடந்து போயிருக்கிறாள். கதவு திறந்தது. அவன் வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“இருக்குதாம்க்கா.”

அவ்வளவுதான் சொன்னான்.

இருவரும் பஸ் ஏறினார்கள். ஊர் வந்ததும் அவன் வீட்டுப் பக்கம் நடந்தான். அவள் ஆற்றுப் பக்கம் நடந்தாள். பன்னிரண்டு மணிக்கு இன்னும் கால் மணி இருந்தது. பழைய ஆடு அறுக்கும் கட்டடத்தில், வெள்ளையடித்த ஒரு மூலையில், மஹபூப் பாஷா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் சண்டை பிடிக்கத்தான் போனாள்.

“உங்க மாதிரி ஆளுங்க ஊசியக் கூவிக் கூவிக் குடுத்துதான் எங்க வூடு நாசமாப் போச்சு. எத்தன ஊசி குடுத்தீங்க அவனுக்கு?”

பாஷா நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். “உக்காருங்கக்கா. உங்க தம்பி நத்தானியேல்தான? அவன் மார்ச்சுக்கு அப்புறம் எங்கிட்ட ஒரு ஊசிகூட வாங்கலக்கா.”

“பொய்.”

“குர்ஆன் மேல சத்தியம். பழசு கொண்டாந்தாதான புதுசு? அதான் ரூலு. அவன் வருவான், வெறுங்கைய விரிப்பான். பழசு எங்கடான்னா தொலஞ்சிபோச்சு பாய்ம்பான். ரெண்டு தரம் பாவம்னு ரூலப் பாக்காம குடுத்தேன். அந்த ரெண்டையும் தொலச்சிட்டான். கணக்குல ரெண்டு கம்மி. பெருமாள் சார் நல்லவருதான், ஆனா கணக்குன்னா கணக்கு. இன்னொண்ணு கம்மியாச்சுன்னா சென்டர மூடிடுவாங்க, எண்பது பேருக்கும் பேஜாரு. மூணாவது தரம் வந்தப்ப இல்ல போடான்னுட்டேன்க்கா. கால்ல வுழுந்தான். அப்பவும் இல்லன்னேன்.”

“பழசுன்னா?”

“போட்ட ஊசி. முனை முறியாம, மூடியோட.”

“முறிஞ்சிருந்தா?”

“செல்லாதுக்கா.”

மூன்று என்று அவள் சொன்னாள். பாஷாவுக்குப் புரியவில்லை. மூன்றையும் நான்தான் முறித்தேன் என்றாள். பாஷா கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அதை அவள் குடிக்கவில்லை. ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, மணலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த மணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இத்தன நாளா எதால போட்டான்?”

“பாலத்துக்குக் கீழ பசங்க உக்காருவாங்கக்கா. அவங்க ஊசில.”

சாயங்காலம் நத்தானியேல் வாசலில் குந்தி, நகத்து நீலத்தைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான். எத்தனை தேய்த்தாலும் அது போகாது. டிரம்காரன் நகம் செத்தாலும் நீலம்தான். கேத்தரின் அடுப்பில் களி கிண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“நாந்தான் எடுத்தேன்னு உனக்குத் தெரியுமாடா?”

“தெரியும்க்கா.”

“எப்பத்துலருந்து?”

“மொத தரமே. டப்பா பிளீச்சிங் வாசன அடிச்சிது. நம்ம வூட்ல வேற யாரு அப்படிக் கழுவுவாங்க?”

“தெரிஞ்சிமா கேக்கல? எடுக்காதக்கா, அதக் காட்டுனாதான் வேற தருவாங்கன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடா?”

“எப்பிடிக்கா கேக்கறது? உன் தலைல அடிச்சிச் சத்தியம் பண்ணவன். என் ஊசி எங்கன்னு உன்னையே வந்து கேக்கறதா? நீ எல்லாந் தெரிஞ்சிக்கினும் ஒரு வார்த்த கேக்கல. நம்மள மனுசனா வுட்டு வச்சிருக்கு அக்கான்னு நெனச்சேன். அதக் கெடுத்துக்க வேணாம்னு இருந்தேன்.”

“கேட்டா நீ வூட்ட வுட்டுப் போய்டுவியோன்னு பயந்தேன்டா நானு.”

களி அடிப்பிடித்துவிட்டது. அவள் இறக்கவில்லை. இருவரும் அழுதார்கள், சின்ன வயதில் அம்மா போனபோது அழுததற்குப் பிறகு சேர்ந்து அழுதது அன்றுதான். தெருவில் எங்களுக்கும் கேட்டது. நாங்கள் யாரும் போகவில்லை.

அழுது முடிந்ததும் அவளுக்குள் இருந்த ஆஸ்பத்திரிக்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

“இப்பவும் பாலத்துக்குத்தான் போறியா?”

அவன் நகத்தைப் பார்த்தான்.

“கேக்கறேன்ல. விட முடியலன்னா முடியலன்னு சொல்லு. இன்மே நான் கேப்பேன், நீ சொல்லணும்.”

“முடியலக்கா.”

“ஒரே ஊசியா? எத்தன பேரு?”

“மூணு பேரு. பிரேம்நாத் கீறான்ல, என் டிரம்லயே, போன மாசம் கல்யாணமாச்சே...”

“சௌந்தர்யா புருஷனா?” பாதிரியாரும் வாழ்த்த வந்திருந்த கல்யாணம் அது, கேத்தரினும் மொய் எழுதிவிட்டு வந்தாள். “உனக்கு வந்துட்டது அவனுக்குத் தெரியுமா?”

“எப்பிடிக்கா சொல்றது?”

“நீயே சென்டருக்குப் போயி மாத்திக்கினா இன்னா? இனிமே பழச நான் எடுக்க மாட்டேன்.”

“பத்துலருந்து பன்னண்டுக்கா. அதான் டிரம்ம எறக்கற நேரம். பிப்ரவரி, மார்ச்சுல அஞ்சு தரம் வயித்துவலின்னு சொல்லிட்டுப் போனேன். இன்னொரு தரம் போனா அப்பிடியே போய்டுன்னுட்டாரு மேஸ்திரி.”

ரோஸுக்கு மறுநாள் நத்தானியேலே போன் செய்து சொன்னான். அவள் கேட்டுவிட்டு வைத்துவிட்டாளாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொன்னவள் வரவில்லை. அவளைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கேத்தரின் லீவு போட்டாள். பத்து மணிக்கு ஆற்றோரக் கட்டடத்தில் நின்றாள். உள்ளே பாஷாவோடு பெருமாளும் இருந்தார். வாரக் கணக்குப் பார்க்கிற நாள். கேத்தரின் பையிலிருந்து பால்பவுடர் டப்பாவை எடுத்துத் திறந்து, ஒரு சிரிஞ்சை மேசைமேல் வைத்தாள். முனை முறியவில்லை. மூடி போட்டிருந்தது. போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது, போடும்போது விரலில் குத்தும் என்பது ஆஸ்பத்திரியில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். காலையில் அதை அவள் தன் கையால் செய்துவிட்டு வந்திருந்தாள்.

“ஒண்ணு வச்சிக்கினு ஒண்ணு குடு பாய்.”

பாஷா பெருமாளைப் பார்த்தார். பெருமாள் எழுந்து நின்றார். அமிர்தவள்ளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் என்று அவள்மேல் அவருக்கு எப்போதும் மரியாதை.

“அம்மா, அட்டை வச்சிருக்கிற ஆளு நேர்ல வரணும். வேற ஆளுகிட்ட குடுத்தா வித்துடறாங்கன்னு புகாரு வந்துது. தீர்மானத்துல கீதும்மா.”

“அவனால வர முடியாது. ஊரு மொத்தமும் டேனரில வேல செய்யுது, நீங்க வேல நேரத்துல கடையத் தொறந்து வச்சிருக்கீங்க.”

“அது கவுன்சில்ல பேசித்தான் மாத்தணும். அடுத்த கூட்டத்துல வைக்கிறேன். ஆகஸ்ட்ல.”

“ஆகஸ்ட் வரைக்கும்?”

பெருமாள் வியர்வையைத் துடைத்தார்.

“சரி, எனக்கு ஒரு அட்ட போடுங்க.”

“உங்களுக்கா?”

“ஆமா. கேத்தரின். வயசு நாப்பத்தி நாலு. எழுதுங்க.”

“இன்னாம்மா பேசறீங்க. இந்த லிஸ்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு காப்பி போவுது. நகராட்சி ஆபீஸ்ல ஒண்ணு. உங்க ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சா வேல இருக்குமா? சர்ச்சுல இன்னா பேசுவாங்க?”

“அத நான் பாத்துக்கறேன். எழுதுங்க.”

“எழுத முடியாதும்மா.” அவர் குரல் இறங்கிவிட்டது. “புதுசா சேக்கணும்னா கையப் பாக்கணும். ஊசி போட்ட வடு இருந்தாதான் சேக்கலாம். அதுவும் நான் எழுதுனதுதான். உங்க கையில இன்னா இருக்கப் போவுது?”

கேத்தரின் இடது கையை நீட்டித் தானே பார்த்துக்கொண்டாள். வழவழப்பான கை. இருபத்திரண்டு வருடம் ஊசி அறையில் நின்றிருந்தும் அவள் யாருக்கும் ஒரு ஊசி போட்டதில்லை. உதவியாளர்கள் போடக் கூடாது. அள்ளலாம், கழுவலாம், எரிக்கலாம். ஆனால் பார்த்திருக்கிறாள், ஆயிரக்கணக்கில்.

மேசையில் திறந்திருந்த பெட்டியிலிருந்து ஒரு புது ஊசியை எடுத்தாள். பாஷா “அக்கா” என்று கையை நீட்டுவதற்குள் உறையைக் கிழித்து, முந்தானையால் புஜத்தை இறுக்கிப் பல்லில் கடித்துக்கொண்டு, முழங்கை மடிப்பில் குத்தினாள். மருந்தில்லாத வெறும் ஊசி. முதல் தடவை நரம்பு தப்பியது. இழுத்து மறுபடி குத்தினாள். சிரிஞ்சுக்குள் கொஞ்சம் ரத்தம் ஏறியது. வலித்திருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊசியை எடுத்து, மூடி போட்டு, கொண்டுவந்த ஊசிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இப்ப பாருங்க சார். வடு கீதா?”

பெருமாள் பார்க்க வேண்டிய கையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முந்தானையில் ரத்தம் இறங்கியது. பாஷா பஞ்சை எடுத்து அவள் கையில் வைத்து அழுத்தினார். பெருமாள் திரும்பி வந்து உட்கார்ந்து, பதிவேட்டை இழுத்து, பேனா மூடியைத் திறந்தார்.

“அப்பா பேரு சொல்லுங்கம்மா.”

சொன்னாள். அவர் எழுதினார். எண்பத்தி நாலாம் நம்பர் அட்டை; சேருகிறவருக்கு முதல் ஊசிக்குப் பழையது கேட்பதில்லை. கையெழுத்து போடச் சொன்னார், போட்டாள்.

“பழசு ரெண்டு கீது,” என்றாள் கேத்தரின். “புதுசு ரெண்டு குடு பாய். ஒண்ணு எங்க தம்பிக்கு. ஒண்ணு சௌந்தர்யா வூட்டுக்காரனுக்கு.”